முதல் கியருக்கு மட்டும்

கூரியரில் வந்தது, சோப்புக்கட்டி அளவு டப்பா.
உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சென்சார்,
இரண்டு ஒயர்,
என் மூன்று வார நண்டுக் காசு.

உச்சிப்புளி பங்க்கை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில்
ஜெயிலானி கியர் ராடைக் கழற்றப் பார்த்தான்.
உப்புக்காற்று குடித்த நட்டு.
எண்ணெய் விட்டு ஒரு டீ,
மறுபடி எண்ணெய் விட்டு இன்னொரு டீ.
கடைசியில் ஸ்பானர் போட்டுத் திருப்ப
அது இன்னும் இறுகியது.
"இந்த முனை இடம்புரிண்ணே" என்றான்.

சிரித்துவிட்டேன்.
பதினெட்டு வருசம் சங்கு குளித்தவன் நான்.
கடலுக்கடியில் இடம்புரி அள்ள அள்ளக் கிடக்கும்,
வலம்புரி ஒன்றைக்கூடக் கண்டதில்லை.
இங்கே கடை முழுக்க வலம்புரித் திருகு,
ஒரே ஒரு இடம்புரி,
அதுவும் என் வண்டியில்.

என் இடது கையைப் பார்க்காதவன் மாதிரியே
எப்போதும் பேசுவான் ஜெயிலானி.
நங்கூரக் கயிறு சுற்றி இழுத்ததில்
நடுவிரலும் மோதிரவிரலும் போயின.
ஆள்காட்டி இருக்கிறது, மடங்காது.
கிளட்ச்சைத் தொடும், பிடிக்காது.

"காலால மேல தூக்குவீங்கள்ல, அந்த இழுப்பு இதுக்குத் தெரியும்.
காயிலுக்குப் போற கரண்ட்ட
எழுபது மில்லி செகண்ட் நிறுத்தும்.
பல்லு தளரும், அடுத்த கியர் உக்காரும்.
ஆக்சிலேட்டர விடவே வேணாம்."

எழுபது மில்லி செகண்ட்.
மூச்சடக்கி ஒன்றரை நிமிடம்
மணலில் கிடந்து தடவியவனிடம் சொல்கிறான்.

நூறில் வைத்தோம், வண்டி கடா மாதிரி முட்டியது.
ஐம்பதில் கறகறவென்று கடித்தது.
எழுபத்தைந்தில்
ட்டுப்.
அவ்வளவுதான். மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கிறேன்.

"மூவாயிரத்துக்குக் கீழ இது வேலை செய்யாது,
நிக்கிற வண்டிய எடுக்க
கிளட்ச் வேணும்ணே" என்றான்,
கையைத் துடைத்துக்கொண்டே, வேறெங்கோ பார்த்து.

ஞாயிறு விடியலில் தம்பி தள்ளிவிட,
ஓட்டத்திலேயே முதல் கியரைக் குத்தி
தனியாகக் கிளம்பினேன் அரிச்சல்முனைக்கு.
இடப்பக்கம் பெண்கடல், உலர்த்திய பாய்போல.
வலப்பக்கம் ஆண்கடல், கல்லைப் போட்டு அடிக்கிறது.
கச்சான் குறுக்கே தள்ளுகிறது.
மூன்று. நான்கு.
முறுக்கிய கை முறுக்கியபடி.
ஐந்து.
ஆறாவது இருப்பதே மறந்திருந்தது எனக்கு.

முனையில் சாலை வட்டமடித்துத் திரும்புகிறது.
நிறுத்தினால் எடுக்க முடியாது.
இரண்டாவதில் மூன்று சுற்றுச் சுற்றினேன்.
பாசிமாலை விற்கிறவள் கடை விரிப்பதை விட்டு
வாய் பிளந்து பார்த்தாள்.
எதை வேண்டிக்கொண்டு சுற்றுகிறான் என்று
நினைத்திருப்பாள்.

நாலு மாதமாக ஜெசிந்தாதான் என் கிளட்ச்.
பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் நண்டுப் பெட்டி,
மறு கை என் விலாவை உரசி முன்னே வரும்.
"ம்" என்றால் அமுக்குவாள்.
பத்து நாளில் "ம்" தேவைப்படவில்லை,
இன்ஜின் சத்தம் அவளுக்கே தெரிந்துவிட்டது.
பாம்பன் பாலத்து ஏற்றத்தில் ஒருநாள் பெரிய சண்டை.
அவள் தம்பிக்குக் கொடுத்த கடன்.
திட்டிக்கொண்டே வந்தாள்,
கை மட்டும் தப்பாமல் வந்தது.

திங்கள் காலை. தங்கச்சிமடம்.
முதல் கியருக்கு அமுக்கினாள், விட்டாள்.
ட்டுப், இரண்டு.
பாதி தூரம் வந்த கை
காற்றில் நின்று திரும்பிப் போனது.
மூன்றுக்கும் வந்தது.
நான்குக்கு வரவில்லை.

பாலத்தில் ஏறி, கீழே படகெல்லாம் சின்னதாகி,
அவள் ஒன்றும் பேசவில்லை.
"என்ன?" என்றேன்.
"பெட்டிய ரெண்டு கையால பிடிச்சு
எத்தன நாளாச்சு" என்றாள்.
"தோள்பட்டையே கழண்டு போச்சு எனக்கு."

மண்டபத்தில் மீன் லாரி ஒன்று
ரோட்டை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது.
பிரேக்கைத் தொடுவதற்குள்
லீவரில் இருந்தது அவள் கை,
நண்டு வாடையோடு, நான்கு வளையலோடு.

பின்னால் ஆரன் அடித்தார்கள்.
திரும்பட்டும், திரும்பட்டும்.
பெரிய வண்டி.